மலர் அடிக்க முதல் பசையைக் கேளுங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் பழைய ஃபைல்களைக் காப்பாற்றுவது பற்றிக் கதைச்சோம். ஹார்ட் டிரைவ், கிளவுட், எத்தனை கொப்பி வைக்க வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் போனது. ஆனால் எங்கட வீடுகளில் இருக்கிற முக்கியமான தகவல்களில் பாதி ஹார்ட் டிரைவில் இல்லை. ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலும், அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலரிலும், அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டிலும் இருக்கிறது. யார் யாருடைய பிள்ளை, எந்த வளவு யாருடையது, எந்த வருஷம் யார் எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் பெரும்பாலும் வேறு எங்கும் எழுதப்படவில்லை. அந்தப் புத்தகங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது, முதுகுப் பக்கம் ஓடுகிற மெல்லிய ஒரு பசைக் கோடு.

ஆகவே இந்தக் கடிதம் முழுக்கப் பசை. ஓடாதேங்கோ, கொஞ்சம் இருந்து வாசியுங்கோ.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அடிக்கிற மலர்களுக்கு எந்தப் பசை போடுவது என்பதை அச்சகத்தின் டிஃபால்ட்டிடம் விட்டுவிடக் கூடாது. மலர் அடிக்கிற ஆக்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். இன்றைக்கு அந்த ஆக்கள் நீங்கள்தான். சங்கத்தின் தலைவர் அங்கிளாக இருக்கலாம். ஆனால் இன்டிசைனிலோ கன்வாவிலோ பக்கம் செய்து, பிடிஎஃப் எடுத்து, அச்சகத்துக்கு மெயில் போடுவது இருபத்தஞ்சு வயதுப் பிள்ளை.

'பெர்ஃபெக்ட்' என்றால் என்ன?

நான் கொன்ட்ராக்டில் வேலை செய்கிறவன். சில வருஷங்களுக்கு முதல் ஒரு அச்சகத்தின் ஓடர் சிஸ்டத்தைப் புதுப்பிக்கிற வேலை கிடைத்தது. வாடிக்கையாளர் நிரப்புகிற ஃபோமில் தாளுக்கு ஏழெட்டுத் தெரிவுகள் இருந்தன. அட்டை லமினேஷனுக்கு மட்டும் மூன்று. பைண்டிங் என்ற கட்டத்தில் 'பெர்ஃபெக்ட்' என்று ஒரே ஒரு சொல். எந்தப் பசை என்பது டேட்டாபேஸில் தனி ஃபீல்டாகவே இருந்தது, ஆனால் வாடிக்கையாளரின் கண்ணில் படாது. அதன் டிஃபால்ட் ஈவிஏ. பழைய ஓடர்களைத் திறந்து பார்த்தால், அதை மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் அரிது. கேட்டவர்களுக்கு அச்சகம் மறுக்காமல் மாற்றிக் கொடுத்திருந்தது.

'பெர்ஃபெக்ட் பைண்டிங்' என்ற பெயர் ஆளை ஏமாற்றும். அது புத்தகத்தின் வடிவத்தைத்தான் சொல்கிறது: தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சீவிச் சொரசொரப்பாக்கி, பசை பூசி, அட்டையைச் சுற்றி ஒட்டுவது. நூல் இல்லை, பின் இல்லை. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பசையில் மட்டுமே நிற்கிறது. எந்தப் பசை என்று அந்தப் பெயர் சொல்லாது. மலர்க் குழுக் கூட்டத்தில் "அண்ணை, பைண்டிங் என்ன மாதிரி?" என்று கேட்டால், "பெர்ஃபெக்ட் எண்டுதானே போட்டிருக்கினம், பிறகென்ன?" என்று பதில் வரும். கதை அதோடு முடிந்துவிடும்.

ஒரே குடும்பம், இரண்டு வழி

புத்தகம் கட்டுகிற பசைகளில் இரண்டு பெரிய வகை இருக்கிறது. ஒன்று நீர்ப் பசை. ஊரில் பைண்டர் கம் என்று வாங்குகிற வெள்ளைப் பசை, இங்கே பள்ளிக்கூடத்தில் நீங்கள் கையெல்லாம் பூசிக்கொண்ட எல்மர்ஸ், எல்லாம் இந்தச் சாதி. அடிப்படை பொலிவைனைல் அசிட்டேட், சுருக்கமாக பிவிஏ. 1912 இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொலிமர் அது. மற்றது ஹொட் மெல்ட். அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும், சூடாக்கினால் உருகும். குளூ கன்னில் போடுகிற குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சகங்களில் அதிகம் ஓடுவது எதிலீன் வைனைல் அசிட்டேட், அதாவது ஈவிஏ.

பெயர்களைத் திருப்பிப் பாருங்கோ. இரண்டிலும் வைனைல் அசிட்டேட் இருக்கிறது. புத்தகத்துக்குப் பாவிக்கிற சில நீர்ப் பசைகளில் எதிலீனும் சேர்ந்தே இருக்கும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். பெரிய வித்தியாசம், பொலிமர் எந்த வழியால் தாளிடம் வந்து சேருகிறது என்பதில்.

நீர்ப் பசையில் பொலிமர் மிகச் சிறிய துணிக்கைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். பூசியதும் தாள் கொஞ்சத்தைக் குடிக்கும், மிச்சம் ஆவியாகும். தண்ணீர் போகப் போகத் துணிக்கைகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, கடைசியில் ஒரே படலமாகிவிடும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரித் தெளிவது அப்போதுதான். தண்ணீரோடு சேர்ந்து பசை தாளின் நார்களுக்குள்ளும் போய்விடுவதால் பிடி நல்லது, படலம் வளைந்து கொடுக்கும். ஆனால் நேரம் வேண்டும். வெப்பமும் வேண்டும்: குளிரான இடத்தில் துணிக்கைகள் ஒன்றாகாமல் சுண்ணாம்புப் பொடி மாதிரிக் காய்ந்துவிடும். ஜனவரி மாதம் ஹீட்டர் இல்லாத கராஜில் போத்தலை வைத்தால் அது உறைந்து, இளகும்போது திரைஞ்ச பால் மாதிரி ஆகிவிடும். பிறகு எறிய வேண்டியதுதான்.

ஹொட் மெல்ட்டில் தண்ணீர் இல்லை, காய வேண்டிய எதுவும் இல்லை. ஈவிஏ பொலிமரோடு ஒட்டும் தன்மைக்குப் பிசினும், எளிதாக ஓடவும் கெதியாக இறுகவும் மெழுகும் சேர்ப்பார்கள். 160 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி முதுகில் பூசினால், சில நொடிகளில் ஆறி இறுகிவிடும். நடந்தது உருகியதும் உறைந்ததும் மட்டுமே, வேதியியல் மாற்றம் எதுவும் இல்லை. அதனால் மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும்.

நேரத்தை யார் கொடுக்கிறது?

இந்த வித்தியாசத்தைக் காசாக மாற்றிப் பாருங்கோ. ஹொட் மெல்ட் போட்ட புத்தகம் இயந்திரத்திலிருந்து இறங்கி, கொஞ்சம் ஆறிய கையோடு மூன்று பக்கமும் வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் போகலாம். வெள்ளிக்கிழமை ஃபைல் அனுப்பி அடுத்த சனிக்கிழமை விழாவில் மலர் வெளியிட முடிகிறது என்றால் அதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். நீர்ப் பசை போட்டால் புத்தகம் பாரத்தின் கீழ் மணிக்கணக்கில் காய வேண்டும், அல்லது உலர்த்தும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்கு இடமும் நேரமும் காசு. அவர்கள் ஈவிஏயை டிஃபால்ட்டாக வைப்பதில் எந்தக் கள்ளமும் இல்லை.

ஆனால் அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைப் பிறகு யாரோ கட்டத்தான் வேண்டும். பசையைத் தெரிவு செய்கிறவர் வேறு, பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பக்கத்தை விரிக்கிறவர் வேறு. சொஃப்ட்வெயரில் இதை டெக்னிக்கல் டெட் என்போம்: இன்றைக்குக் கெதியாக முடிக்க எடுத்த குறுக்கு வழிக்கு, நாளைக்கு வருகிறவர் வட்டி கட்டுவார். மலர் விஷயத்தில் நாளைக்கு வருகிறவர் உங்கட மகளாக இருக்கலாம்.

இது புதுச் சிக்கலும் இல்லை. 1836 இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹான்கொக் என்பவர், நூல் தைக்காமல் ரப்பர்க் கரைசலால் புத்தகம் ஒட்டுகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பார்க்க அழகாக விரியும், வேலையும் சுருக்கம். ரப்பர் வயதாகிக் காய்ந்தபோது அந்தப் புத்தகங்கள் தாள் தாளாக உதிர்ந்தன. நூறு வருஷத்துக்குப் பிறகு ஜெர்மனியில் எமில் லும்பெக் என்ற புத்தக வியாபாரி, தாள் கட்டை முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் விசிறி மாதிரிச் சாய்த்து, நீர்ப் பசை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு நூல் அளவு ஏறும்படி பூசுகிற முறையைப் பரப்பினார். ஜெர்மனியில் இருக்கிற நண்பர்களே, இந்த வேலைக்கு அங்கே 'லும்பெக்கன்' என்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது. கையால் புத்தகம் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மலருக்கு ஏன் ஒத்துவராது

ஈவிஏ எல்லாப் புத்தகத்துக்கும் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கட மலர்களுக்குத்தான் அது பொருத்தமில்லை. மூன்று காரணம்.

முதலாவது தாள். மலர் என்றால் கலர்ப் படம் வேண்டும், கலர்ப் படம் என்றால் மினுங்கல் தாள் வேண்டும் என்று நினைக்கிறோம். மினுங்கல் தாளின் மேலே களிமண், கல்சியம் காபனேற்று போன்ற பூச்சு இருக்கிறது. முதுகைச் சீவினாலும் பசைக்குக் கிடைப்பது குறைந்த நாரும் கூடிய பூச்சும்தான். பூச்சைப் பிடித்த பசை, பூச்சு உரியும்போது தானும் வந்துவிடும். போதாததற்கு அச்சு மையில் இருக்கிற எண்ணெய் மெல்ல நகர்ந்து ஈவிஏயை இளக்கவும் செய்யும். ஓரம் வரை முழுக் கலர் அடித்த பக்கங்களில் இது இன்னும் மோசம்.

இரண்டாவது காலநிலை. ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு இது விளங்கும். வெளியே −20, மலர்ப் பெட்டி மூன்று நாளாகக் கார் டிக்கியில். குளிரில் ஈவிஏ தன் வளையும் தன்மையை இழந்து விறைத்துவிடும். அந்த நேரம் புத்தகத்தை மடக்கென்று விரித்தால் முதுகில் ஒரு வெடிப்பு விழும். வெடிப்பின் இரு பக்கத்துத் தாள்களும் அதன்பிறகு ஒவ்வொன்றாக விடைபெறும். கோடையில் எதிர்ப்பக்கம்: வெயிலில் மூடி நிற்கிற காரின் டாஷ்போர்ட் 60, 70 பாகைக்கு ஏறக்கூடியது, பல ஈவிஏ பசைகள் இளகத் தொடங்குவதும் அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது, எனக்கு முக்கியமானது, ஸ்கான். ஈவிஏ கோடு தடிப்பானது, புத்தகம் தட்டையாக விரியாது. நூலகம் போன்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மலரை எடுத்துக் கண்ணாடியில் அமத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். உள் ஓரத்து எழுத்துகள் நிழலுக்குள் போய்விடும், இல்லாவிட்டால் முதுகு உடையும். நூல் தைத்த புத்தகம் நன்றாக விரிந்து கொடுக்கும்.

வில்லன் தேட வேண்டாம்

இதை வாசித்துவிட்டு 'நீர் என்றால் இயற்கை, உருக்கியது என்றால் பிளாஸ்டிக்' என்று முடிவு கட்ட வேண்டாம். சில பொருட்களின் லேபிளில் 'வோட்டர் பேஸ்ட்' என்று பச்சை இலையோடு போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பிவிஏயும் ஆலையில் செய்த செயற்கைப் பொலிமர்தான். தண்ணீரைச் சுமந்து கொண்டுவரவும் சக்தி வேண்டும், உலர்த்தவும் சக்தி வேண்டும். அந்தத் தண்ணீரே தாளை ஊதவும் வைக்கும்: தாளின் நார் போகும் திசை முதுகுக்குச் சமாந்தரமாக இல்லாவிட்டால் உள் ஓரம் அலை அலையாக நெளியும். இதைக் கவனிக்காத அச்சகத்தில் நீர்ப் பசை கேட்டு வாங்கினாலும் மலர் அழகாக வராது.

ஹொட் மெல்ட்டுக்கும் குறை இருக்கிறது. கடதாசியை மீள்சுழற்சி செய்யும்போது அது ஒட்டும் துணுக்குகளாகக் கூழில் கலந்து தொல்லை கொடுக்கும். ஆனால் ஒரு வருஷம் மட்டும் பாவிக்கிற தமிழ்ப் பள்ளிப் பயிற்சிப் புத்தகத்துக்கோ விழா நிகழ்ச்சி நிரலுக்கோ ஈவிஏ போதும். விரைவு, மலிவு, வேலை முடியும். புத்தகம் எத்தனை வருஷம் இருக்க வேண்டும், யார் திறப்பார், எந்தத் தாள் என்று கேட்டால் பசை தானாகத் தெரிந்துவிடும்.

அந்தக் கேள்விகளோடு பார்த்தால் மூன்றாவது ஆளும் தெரிவார்: பியூஆர், அதாவது வினைபுரியும் பொலியூரிதேன். இதுவும் ஹொட் மெல்ட்தான், 120 பாகை அளவில் உருக்கிப் பூசுவார்கள். ஆறியதோடு வேலை முடியாது. காற்றிலும் தாளிலும் இருக்கிற ஈரத்தோடு வினைபுரிந்து, ஏறத்தாழ ஒரு நாளில் குறுக்குப் பிணைப்புகள் கொண்ட வலையாகிவிடும். அதன்பிறகு உருகாது. மெல்லிய படலம் போதும் என்பதால் புத்தகம் நன்றாக விரியும், மினுங்கல் தாளைப் பிடிக்கும், குளிருக்கும் சூட்டுக்கும் அசையாது. விலை கூட, இயந்திரத்தைத் துப்புரவாக வைத்திருக்கிற வேலையும் கூட. சூடாக்கும்போது வருகிற ஐசோசயனேட் ஆவி சுவாசத்துக்குக் கூடாது என்பதால் நல்ல காற்றோட்டம் வைத்திருக்கிற அச்சகம்தான் இதைச் செய்ய வேண்டும்.

"பிடிஎஃப் இருக்குத்தானே?"

இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கொம்பியூட்டர்க்காரன், பிடிஎஃப் எனக்கும் பிடிக்கும். ஆனால் பத்து வருஷத்துக்கு முதல் அடித்த மலரின் பிடிஎஃப் எங்கே என்று உங்கட சங்கத்தில் கேட்டுப் பாருங்கோ. அப்போதைய செயலாளரின் பழைய லாப்டொப்பில் இருக்கும், அல்லது காலாவதியான ஒரு டவுன்லோட் லிங்கில். அதற்கும் முந்தியது என்றால் பேஜ்மேக்கர் ஃபைல். கிடைத்தாலும் எழுத்து பாமினியில் இருக்கும். எழுத்துரு உள்ளே இல்லாவிட்டால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பை, தேடினால் ஒரு பெயர்கூடச் சிக்காது.

அதே மலரின் தாள் பிரதி முந்நூறு வீடுகளில் இருக்கிறது. பாஸ்வேர்ட் வேண்டாம், யாரும் சேர்வரை நிறுத்த முடியாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்ததைப் பற்றி எங்கள் வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு கட்டடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பரவலாக இருக்கிற தாள் பிரதிகள் எங்களிடம் உள்ள நல்ல பாக்கப். அந்தப் பாக்கப் தாள் தாளாக உதிராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பிடிஎஃப்பையும் வையுங்கோ, யூனிகோடில் வையுங்கோ. இரண்டும் வேண்டும்.

அடுத்த மலருக்கு

அச்சகத்துக்கு மெயில் போடும்போது இதைச் சேர்த்து எழுதுங்கோ:

1. பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் எந்தப் பசை: ஈவிஏயா, பியூஆரா, நீர்ப் பசையா? நூல் தைத்துக் கட்டினால் என்ன விலை? எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கோ.

2. அறுபது எழுபது பக்கத்துக்குள் என்றால் பசையே வேண்டாம். நடுவில் மடித்துப் பின் அடித்தால் போதும். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், அதை மட்டும் கவனியுங்கோ. அநேக கல்வெட்டுகளுக்கு இதுதான் சரி.

3. எழுத்துப் பக்கங்களுக்குப் பூச்சில்லாத தாள் போடுங்கோ. எல்லாப் பக்கமும் மினுங்கத்தான் வேண்டும் என்று குழு சொன்னால் பியூஆர் அல்லது நூல் தையல், வேறு பேச்சு இல்லை.

4. முதுகுப் பக்கம் உள் ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கோ. நாளைக்குத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தால் வெட்டுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

5. அச்சு விபரப் பக்கத்தில் தாளையும் கட்டிய முறையையும் ஒரு வரி போடுங்கோ. திருத்த வருகிறவருக்கு அது உதவும்.

காசு கூடும் என்று அங்கிள்மார் சொல்லுவினம். கூடும்தான். ஆனால் அதே மலரின் அட்டையில் தங்க எழுத்துக்கும், பெயர் மட்டும் தனியாக மினுங்குகிற பூச்சுக்கும் காசு கொடுக்கிறோம். வெளியீட்டு விழா மேடையில் தெரிவதற்கு இருக்கிற காசு, மேடையில் தெரியாத முதுகுக்கும் இருக்க வேண்டும் என்பது என் வாதம். குழுக் கூட்டத்தில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எத்தனை வருஷம் இருக்கோணும்?" என்று மட்டும் கேளுங்கோ.

ஏற்கெனவே உடைந்ததுக்கு

முதலில் ஸ்கான் செய்யுங்கோ. தாள் கழன்ற புத்தகம் தட்டையாகக் கிடக்கும், இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பிறகு ஒட்டலாம். ஒன்றிரண்டு தாள் என்றால், அமிலம் இல்லாத பிவிஏயைத் தூரிகையால் தாளின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லியதாகப் பூசி, இடத்தில் வைத்து, இரு பக்கமும் மெழுகுத் தாள் செருகி, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கோ. அவசரப்படாதேங்கோ, தண்ணீர் போகட்டும். குளூ கன் வேண்டாம்: தடித்த கட்டியாக இறுகி, பக்கத்தில் இன்னொரு வெடிப்புக்கு வழி செய்யும். செலோடேப் வேவே வேண்டாம்: மஞ்சளாகி, கறை விட்டு, எழுத்தையும் கொண்டு போகும். முதுகு முழுக்கப் போய்விட்டால் கையால் புத்தகம் கட்டுகிற ஒருவரிடம் கொடுங்கோ. பழைய ஹொட் மெல்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, லும்பெக் காட்டிய மாதிரி விசிறிப் பூசித் தருவார்.

உங்கட வீட்டில இருக்கிற ஆகப் பழைய மலர் எது? முதுகை மேலே இருந்து பாருங்கோ. நூல் தெரியுதா, பின்னா, தடிச்ச பசைக் கோடா? வருஷத்தையும், எப்படிக் கட்டியிருக்கு, இப்ப என்ன நிலைமை என்பதையும் இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதி அனுப்புங்கோ. போதிய அளவு வந்தால் ஒரு எபிசோட் செய்வோம். அடுத்த கிழமை சந்திப்போம்.